மற்றக் கால்

கண்ணை மூடச் சொன்னால் முழுதாக மூடுகிற ஆள் இல்லை என் மனுசன் இவர். பூசையில் ஃபாதர் கண்ணை மூடிச் செபிக்கச் சொன்னால்கூட, ஒரு கண்ணால் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கும் கிளினிக் கட்டிலில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, இமையைக் கொஞ்சம் திறந்து வைத்தபடி, மருந்து கட்டுகிற ஷாமிலா மிஸ்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸின் கையில் தூண்டில் தங்கூசி மாதிரி ஒரு நைலோன் நூல். அதன் நுனியை உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாக வைத்து அழுத்துவார். பட்டது தெரிந்தால் ஓம் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

"ஓம்," என்றார் இவர்.

"ஐயா, நான் இன்னும் வைக்கேல்ல."

"வைக்கப் போறீங்கள்தானே. அதுதான் முன்னுக்கே சொன்னனான்."

மிஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழும்பிப் போய் என் கைலேஞ்சியால் இவருடைய கண் இரண்டையும் பொத்திப் பிடித்தேன். அதற்குப் பிறகு ஓம் என்ற சொல் வரவே இல்லை. புண் இருந்த வலது காலிலும் வரவில்லை, நல்ல கால் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த இடது காலிலும் வரவில்லை. மிஸ் நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, "ரெண்டு காலும் ஒரே மாதிரித்தான் அம்மா, கவனமா இருங்கோ," என்றார். நான் தலையாட்டினேன். என் கண் முழுக்க அந்த வலது காலில் கிடங்காகக் குழிந்திருந்த புண்ணில்தான் இருந்தது.

அந்தப் புண் வந்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். யேசு பிறந்த நத்தாருக்குக் கோயில் சோடனை செய்யப் போனவர், கீழே கிடந்த குத்தூசி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறினது தெரியாமல் அன்று முழுக்க அதோடு நடந்திருக்கிறார். ஏணியில் ஏறியிருக்கிறார், நட்சத்திரம் கட்டியிருக்கிறார், சந்தைக்குப் போய் எனக்கு மீனும் வாங்கி வந்திருக்கிறார். குசினி நிலத்தில் ரத்தத்தைக் கண்டு மீன் ரத்தம் என்று நினைத்து நானும் துடைத்துவிட்டேன். மூதூருக்கு லோஞ்ச் ஓடின காலத்தில் சுக்கான் பிடித்த மனுசன் இவர். தண்ணீரின் நிறம் மாறினால் அடியில் என்ன கிடக்கிறது என்று சொல்லுவார். தன் காலடியில் கிடந்தது தெரியவில்லை. சீனி வருத்தம் வந்து வருசக்கணக்கானால் இப்படித்தான், கால் மரத்துப்போகும் என்றார்கள்.

மாசி, பங்குனி என்று மருந்து கட்டியும் ஆறவில்லை. பெரிய டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "முதல்ல பெருவிரலை எடுப்பம். பிறகு பாப்பம்," என்றார். பெருவிரல் போனால் போகட்டும் என்றுகூட மனதைத் தேற்றியிருப்பேன். அந்தப் 'பிறகு பாப்பம்' என்றதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி விரலில் வெட்டத் தொடங்கி முழங்காலில் போய் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நேரம்தான் டொக்டர் பாக்கியரத்தினம் எங்களைக் கூப்பிட்டார். வயது போன மனுசி, உரத்துப் பேசவே மாட்டார். ஆறாத புண்ணுக்கு ஒரு மருந்தைப் பரிசோதிக்கிறார்களாம், விருப்பமென்றால் சேரலாமாம். மருந்து வெளியிலிருந்து வருவது இல்லை. நோயாளியின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு மெசினில் போட்டுச் சுழற்றி, அதிலிருந்து பிரிகிற மஞ்சள் பகுதியை ஜெல்லியாக்கிப் புண்ணுக்குள் வைத்துக் கட்டுவார்கள்.

"காயத்தை ஆத்துற சாமான் எங்கட ரத்தத்துக்குள்ளயே இருக்கு. அதைப் புண்ணில சேர்த்து வைச்சா கெதியா ஆறுதோ எண்டுதான் பாக்கிறம். ஆறும் எண்டு நான் சத்தியம் பண்ணேல்ல அம்மா," என்றார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் அந்த ஜெல்லி. மற்றப் பாதிக்கு வழமையான கட்டு. யாருக்கு எது என்பது டொக்டரின் கையிலும் இல்லை, ஒட்டி வைத்த என்வலப்புக்குள் இருக்கிறது.

"இதென்ன, கோயில் குலுக்கல் மாதிரிக் கிடக்கு," என்றேன் நான். டொக்டருக்குக் கோபம் வரவில்லை. "அப்பிடித்தான். இல்லாட்டி எனக்குப் பிடிச்ச ஆக்களுக்கு நான் குடுத்துப்போடுவன்தானே," என்றார்.

எங்களோடு அன்றைக்குச் சேர்ந்தவர் மூதூர் மஹ்ரூப் நானா. வெள்ளாமைக்காரர். மண்வெட்டி பட்ட காயம் குதிக்காலில் ஆறாமல் கிடந்தது. அவருடைய மனைவி லைலா, நான் ஒரு சொல் கேட்டால் பத்துச் சொல் திருப்பித் தருகிற நல்ல பெண். வாங்குப் பலகையில் ஒன்றாக இருந்த முதல் கால் மணித்தியாலத்திலேயே, அவர்களுடைய கலியாணத்துக்கு அலுமாரி ஏற்றிப் போன லோஞ்ச் இவருடையதுதான் என்று கண்டுபிடித்துவிட்டோம். "அலுமாரிக் கண்ணாடியை உடைச்சது நீங்கதானா?" என்று லைலா கேட்க, "அது கடல் உடைச்சது," என்றார் இவர். நாங்கள் நாலு பேரும் அப்படிச் சிரித்ததில் தாதிமார் எட்டிப் பார்த்தார்கள். பிறகு என்வலப்பைத் திறந்தார்கள். இவருக்கு ஜெல்லி. மஹ்ரூப் நானாவுக்கு வழமையான கட்டு. லைலா என் கையைப் பிடித்து, "உங்களுக்கு விழுந்திட்டு இன்பம் அக்கா," என்றாள். அவளுடைய கை குளிர்ந்து கிடந்தது. எனக்குச் சந்தோசப்படவும் வெட்கமாக இருந்தது.

கிழமைக்கு ஒரு தரம் போவோம். ரத்தம் எடுப்பார்கள், மெசின் உள் அறையில் இரையும், பிறகு ஷாமிலா மிஸ் ஒரு சின்னத் தட்டில் அந்த மஞ்சள் ஜெல்லியைக் கொண்டுவருவார். பார்த்தால் அகர் அகர் மாதிரி இருக்கும். "என்ர சாமானை எடுத்து எனக்கே தருகினம், அதுக்கு நான் தாங்ஸும் சொல்லோணும்," என்று இவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் மிஸ் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார், அந்தப் பிள்ளைக்குப் பொறுமை அதிகம். கட்டுவதற்கு முன்னால் புண்ணின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, அதன் கரையைச் சுற்றிப் பேனையால் கோடு கீறுவார். போன கிழமைக் கோட்டையும் இந்தக் கிழமைக் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் புண் சுருங்கினதா பெருத்ததா என்று தெரிந்துவிடும்.

முதல் நாள் தாளைப் பார்த்ததுமே இவர், "இது நான் லோஞ்ச் ஓடின கொட்டியாரக் குடா எல்லோ!" என்றார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. இந்த மூலையில் மூதூர் இறங்குதுறை, இங்கே ஆறு வந்து விழுகிற இடம் என்று விரலால் காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அதுதான் கதை. குடா சுருங்குது, மூதூர்ப் பக்கம் தூர்ந்திட்டுது, இனி லோஞ்ச் ஓடேலாது, வள்ளம்தான். வைகாசி முடியும்போது அது ஒரு சின்னக் குளமாகி இருந்தது. வீட்டிலும் நான் ஒவ்வொரு விடியலும் முகம் பார்க்கிற கண்ணாடியை இவருடைய வலது பாதத்துக்குக் கீழே பிடித்துக் கட்டு நனைந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தப் பாதத்தை நான் பார்த்த பார்வைக்கு, கலியாணம் கட்டின புதிதில் இவருடைய முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டேன்.

மஹ்ரூப் நானாவின் தாளில் பெரிய மாற்றம் இல்லை. ஒரு நாள் இவர் பொறுக்கமாட்டாமல் டொக்டரைக் கேட்டேவிட்டார். "என்ர ரத்தத்தில கொஞ்சம் கூட எடுத்து அவருக்கும் வைக்கேலாதோ? எனக்கு நல்லா ஊறுது."

"ஏலாது பேணாட். அவரவர்ட ரத்தம் அவரவருக்குத்தான். அதோட, அவருக்கு விழுந்தது அந்தப் பக்கம்."

மஹ்ரூப் நானாதான் இவரைச் சமாதானப்படுத்தினார். "விடுங்க மச்சான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேணுந்தானே. இல்லாட்டி உங்கட கால் மருந்தில ஆறினதா, சும்மா ஆறினதா எண்டு யார் கண்டது? நான் அந்த ஆள்," என்றார். லைலா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மிஸ் தாளை வைத்தார், பேனையை எடுத்தார், கோடு கீறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ரோஸ் நிறத்தில் புதுத் தோல். டொக்டர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஆறிட்டுது," என்றார். கொஞ்சம் பிந்தி ஒரு கடைசிச் சோதனை இருக்கிறது, அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால்தான் கணக்கு என்றார். தடித்த அடி வைத்த விசேசச் செருப்பு ஒன்று தந்து, "இந்தக் கால் வெறும் நிலத்தில படவே கூடாது," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். கிளினிக் என்று பாராமல் ஒப்பாரி வைத்தேன். இவர் தலையைக் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கதையை மெல்ல அவிழ்த்தார். காலை வெட்டாமல் காப்பாற்றித் தந்தால் திருவிழாவுக்கு மாதாவின் சொரூபத்தைத் தோளில் தூக்குகிறதாக நேர்த்தி வைத்திருக்கிறாராம்.

"ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்?"

"மாதாவோட கதைக்கிறதுக்கு உன்னட்ட அனுமதித் துண்டு எடுக்கோணுமோ?"

விட்டுக்கொடுக்கவில்லை நான். மூன்று நாள் வீட்டில் ஒரே சண்டை. எங்கள் கோயிலில் சொரூபம் தூக்குகிறவர்கள் காலில் ஒன்றும் போடுவதில்லை. வெள்ளைச் சாரமும் வெறுங்காலும்தான், அது அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம். ஃபாதரிடம் போய் முறையிட்டேன். அவர் நல்ல மனுசன், "செருப்பைப் போட்டுக்கொண்டு தூக்கட்டும், மாதா கோவிக்கமாட்டா," என்றார். இவருக்கு அது ஏறவில்லை. இளமையில் தொடங்கி வருசா வருசம் தூக்கியவர், ஒரு தவணையும் விட்டதில்லை. செருப்புக் காலோடு மாதாவுக்குக் கீழே நிற்கிறதை விட நிற்காமலே விடலாம் என்றார். பிறகு, திருவிழாவுக்கு முதல் நாள், ஒரு வழி கண்டுபிடித்தவர் மாதிரி முகம் மலர்ந்து வந்தார்.

"ஆறின காலுக்குச் செருப்பு. மற்றக் கால் வெறுங்கால். டொக்டர் இந்தக் கால் எண்டுதானே சொன்னவ? மாதாவுக்கு ஒரு வெறுங்கால் போதும்."

இதென்ன கோலம் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சண்டை முடிந்தது என்றுதான் எங்கள் வீட்டில் கணக்கு.

ஆவணி நடுவில், கச்சான் காற்று அனலாக அடிக்கிற நாளில்தான் எங்கள் திருவிழா. பாட்டுப் பூசை நீண்டு, சொரூபம் வெளியே வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அந்த வருசம்தான் கோயில் வீதிக்குத் தார்க் காபட் போட்டிருந்தார்கள். கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு, மேலே காற்று நடுங்குவது தெரிந்தது. பவனி வருகிற நேரம் வீட்டுக்காரர்கள் வாசலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீதியை நனைத்து வைப்பார்கள், அதுவும் எங்கள் பழக்கம்தான். சைவக்காரியான அன்னலட்சுமி அக்காகூட எங்கள் மாதாவுக்கு ஊற்றுவா. அன்றைக்குப் பார்த்து விடியத் தொடக்கம் குழாயில் தண்ணீர் இல்லை. அன்னலட்சுமி அக்கா குடிக்க எடுத்து வைத்த ஒரு குடத்தைக் கொண்டுவந்து தன் வாசலில் ஊற்றினா. ஊற்றின கையோடு அது ஆவியாகிப் போனது.

நான் பெண்கள் வரிசையில் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தேன். செருப்புக்குள்ளாலேயே எனக்குச் சுட்டது. தூக்கின இளம் பெடியள் குதிக்காலில் துள்ளித் துள்ளி நடந்தார்கள், ஆள் மாறினவுடன் வீதிக் கரை மணலுக்கு ஓடினார்கள். இவர் மட்டும் மாறவில்லை. முன் தடியில் தோளைக் கொடுத்தவர் கொடுத்தபடி, ஒரு காலில் தடித்த செருப்பு, மற்றது வெறுங்கால், சாய்ந்து சாய்ந்து, ஆனால் நிதானமாக நடந்தார். லோஞ்சைக் கரை சேர்க்கிற நேரத்து முகம் அது. அந்த முகத்தை நான் எத்தனையோ வருசத்துக்குப் பிறகு பார்த்தேன். எனக்கு முன்னால் போன பெண்கள், "பாருங்கோவன், பேணாட் அண்ணைக்கு மாதா சூடே தெரியாமல் பண்ணிப்போட்டா," என்று குருசு போட்டார்கள். நானும் போட்டேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியை எடுத்தேன். வலது பாதம் பூப் போல இருந்தது, ஒரு கீறல் இல்லை. அதைத் துடைத்து எண்ணெய் பூசி மேசைத்துணி விரித்த கதிரையில் தூக்கி வைத்தேன். "பாத்தியே? ஒண்டும் ஆகேல்ல," என்றார். மற்றக் கால் கதிரைக்குக் கீழே நிலத்தில் கிடந்தது. அதைக் கோயில் குழாயடித் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் கழுவிவிட்டு வந்தாராம்.

இரண்டாம் நாள் விடிய அறைக்குள் ஒரு மணம். மீன் ஏதும் கிடக்கிறதோ என்று கட்டிலுக்குக் கீழே தேடினேன். பிறகுதான் படுக்கைவிரிப்பின் கால்மாடு நனைந்திருப்பதைக் கண்டேன். இடது உள்ளங்கால் முழுக்கக் கொப்பளித்து உடைந்து, தோல் கழன்று தொங்கியது. அதோடு இவர் முந்தின முழு நாளும் வீட்டுக்குள் நடந்திருக்கிறார், பின்னேரம் கோழிக்குத் தீனும் போட்டிருக்கிறார். "நோகேல்லையோ? கடவுளே, உங்களுக்கு நோகேல்லையோ?" என்று கத்தினேன். இவர் எட்டிப் பார்க்க முயன்று, ஏலாமல், என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கிடத்தும்போதே காய்ச்சல் கொதித்தது. நல்ல மருந்தெல்லாம் ஏற்றினார்கள், குறை சொல்ல நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் காலில் பிடித்த கறுப்பு ஒவ்வொரு நாளும் மேலே ஏறியது. நான் ஷாமிலா மிஸ்ஸைத் தேடிக் கிளினிக்குக்கு ஓடினேன்.

"மிஸ், அந்த ஜெல்லியை இந்தக் காலுக்கும் வையுங்கோ. அவரிட்ட இன்னும் ரத்தம் இருக்குத்தானே."

மிஸ் என்னைக் கதிரையில் இருத்தித் தானும் எனக்கு முன்னால் குந்தினார். "அம்மா, அது புண்ணை ஆத்தத்தான். இது எலும்புக்குள்ள இறங்கிட்டுது. இதுக்குள்ள வைச்சா ஒண்டும் நடக்காது. டொக்டரும் வந்து பாத்தவ." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மருந்து கட்டுகிற பிள்ளை அழுதால் பிறகு யாரிடம் போவது? நான் எழும்பி வார்ட்டுக்கு வந்தேன். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்தக் கால்?"

"மற்றது," என்றேன்.

"அப்ப சரி," என்றார். எதற்குச் சரி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வெட்டிச் சில நாள் கழித்து மஹ்ரூப் நானாவும் லைலாவும் வந்தார்கள். நானாவின் புண் வழமையான கட்டோடேயே மெல்ல மெல்லச் சுருங்கி, ஒரு சதக் குத்திக் காசு அளவில் நின்றது. பொல்லைப் பிடித்தபடி வந்து, கட்டில் விரிப்பு இடது பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, கட்டில் கரையில் இருந்தார். லைலா கொண்டுவந்த குரக்கன் பிட்டை நான் வாங்கி வைத்தேன். "நான்தான் அந்த ஒப்பிட்டுப் பாக்கிற ஆள் எண்டு சொன்னேனே மச்சான்," என்று மட்டும் நானா சொல்லிவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். யன்னலுக்கு வெளியே ஒரு துண்டுக் கடல் தெரிந்தது. இவர் அவருடைய கையைத் தட்டிக் கொடுத்தார்.

அவர்கள் இருக்கும்போதே ஷாமிலா மிஸ் வந்தார். அன்றைக்குத்தான் அந்தக் கடைசிச் சோதனைக்குச் சொன்ன நாள். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கண்ணாடித் தாளும் நூலும் கையில் இருந்தன. "செய்யட்டோ அம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். விரிப்பை விலக்கினேன். வலது பாதம் இருந்தது. நான் இத்தனை மாதம் கண்ணாடி பிடித்துப் பார்த்த அதே பாதம், தோல் நல்லாக இறுகி, புண் இருந்த இடம் எதுவென்று சொல்ல முடியாமல். மிஸ் தாளை அதன் மேல் வைத்தார். கீறாமலே எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"ஆறினது எண்டுதான் எழுதுவீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா. இந்தக் கால் ஆறினதுதானே. மற்றதையும் டொக்டர் வேற இடத்தில எழுதுவா."

பிறகு நூலை எடுத்தார். இவரைக் கண்ணை மூடச் சொல்லத் தேவை இருக்கவில்லை, தானாகவே மூடியிருந்தார், இந்தமுறை முழுதாக. மிஸ் குதிக்காலில் அழுத்தினார், நடுவில் அழுத்தினார், விரலடியில் அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. களவுக்காவது ஒரு ஓம் சொல்லமாட்டாரா என்று நான் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டென்று இவருடைய முகம் சுருங்கியது. மிஸ் கையை எடுத்துவிட்டார்.

"சுடுது," என்றார் இவர்.

"எங்க ஐயா? இதிலயோ?"

"இல்லை. மற்றக் கால்." கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். நெற்றி வியர்த்துக் கொட்டியது. "ரோட்டு சுடுது, இன்பம். சரியாச் சுடுது. கால் வைக்கேலாமக் கிடக்கு."

மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார், வெட்டின காலிலும் இப்படி வரும் என்று, நரம்பு என்று, மருந்து இருக்கிறது, டொக்டரைக் கூட்டி வருகிறேன் என்று. சொல்லிக்கொண்டே ஓடினார். லைலா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மேலே மின்விசிறி சுற்றியும் சுற்றாமலும் கிடந்தது. இவர் இடது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆள் மாத்தச் சொல்லு, இனி என்னால ஏலாது," என்றார்.

கட்டிலில் கிடந்த கண்ணாடித் தாளை எடுத்தேன். ஒரு கோடும் இல்லாத தாள். விரிப்பின் இடது பக்கத்தில், கால் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு மேலே அதைப் பிடித்து விசிறத் தொடங்கினேன். லைலா தன் முந்தானைத் தலைப்பைப் போத்தல் தண்ணீரில் நனைத்து, அந்த வெறும் விரிப்பின் மேல் மெல்லப் போட்டாள்.

"இப்ப எப்பிடி?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கீழ," என்றார்.

நான் கொஞ்சம் கீழே விசிறினேன்.